மதிப்பெண் இருக்க வேலைப்பயிற்சி எதற்கு?

சிங்கப்பூரில் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. வரும் மே மாத விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் வேலைப்பயிற்சி செய்யலாமா என்று அவர் யோசிக்கிறார். அவருடைய பாடத்திட்டத்தில் அது கட்டாயம் இல்லை. "வாழ்நாள் முழுக்க வேலைதான் பார்க்கப் போகிறாய், இப்போது மதிப்பெண்ணைப் பார்" என்பது அவருடைய அப்பாவின் கட்சி. விடுமுறையில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தால் பயிற்சிப்படியைவிட அதிகமாகவே கிடைக்கும் என்ற கணக்கும் அவரிடம் இருக்கிறது. இப்படியிருக்க, பட்டம் வாங்குமுன்பே வேலைப்பயிற்சி செய்துதான் ஆக வேண்டுமா என்று கேட்கிறார்.

செய்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். செய்யுங்கள் என்று சொல்வேன். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பயிற்சி மாணவர்களை மேற்பார்வையிட்டு வருகிறேன். "சுயவிவரத்தில் ஒரு வரி கூடும்" என்று எல்லாரும் சொல்லும் காரணத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. என் காரணம் செலவுக் கணக்கு சார்ந்தது. நீங்கள் பொருளியல் மாணவி என்பதால் உடனே பிடித்துக்கொள்வீர்கள். ஒரு வேலை நமக்கு ஒத்துவராது என்பதை மாணவப் பருவத்தில் தெரிந்துகொள்ள ஒரு விடுமுறை செலவாகும். அதையே பட்டம் வாங்கி, நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்டு, "ஓராண்டாவது இருந்துவிட்டுப் போகலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தெரிந்துகொள்வதென்றால் இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும். தவறாகத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட மலிவான காலம் உங்களுக்கு இனி வாய்க்காது.

என் சொந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1990களில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தபோது, மாதக்கணக்கில் நீளும் தொழில்துறைப் பயிற்சிக்கு எங்களை அனுப்பினார்கள். எனக்குக் கணினிகளுக்கான வன்தட்டுத் தொழிற்சாலை ஒன்றில் இடம் கிடைத்தது. உலகத்தின் வன்தட்டுகளில் பெரும்பங்கு சிங்கப்பூரில் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வரிசையில் இருந்த இயந்திரங்கள் ஏன் அடிக்கடி நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து எழுதச் சொன்னார்கள். மூன்று வாரம் பழைய பதிவேடுகளைப் புரட்டி, வரைபடங்கள் போட்டு, பதினான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். பேராசிரியரிடம் கொடுத்திருந்தால் நிச்சயம் 'ஏ' கிடைத்திருக்கும். மேலாளர் அதை வாங்கி, முன்பக்கத்தைக்கூடப் பார்க்காமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். படித்துவிட்டு, கோபமே இல்லாத குரலில், "சரி, நாளைக் காலை ஷிப்டில் எந்த இயந்திரத்தை நிறுத்த வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதினான்கு பக்கத்தில் அந்த ஒரு வரி எங்கும் இல்லை. அறிக்கையை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "அந்த வரியை எழுதிக்கொண்டு வா" என்றார். அதை எழுத எனக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரத்தில் கற்றதை நான்கு ஆண்டு வகுப்புகளில் கற்றதாக எனக்கு நினைவில்லை.

பல்கலைக்கழகத்தைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தேர்வுத்தாளில் ஒரு கேள்வி வருகிறதென்றால், அதற்கு விடை உண்டு, விடைக்குத் தேவையான விவரங்கள் எல்லாம் கேள்வியிலேயே உண்டு என்று கேள்வி எழுதியவர் முன்கூட்டியே பார்த்துவைத்திருக்கிறார். கற்பித்தலுக்கு அந்த ஏற்பாடு அவசியம்; அது இல்லாமல் யாரையும் எதையும் மதிப்பிட முடியாது. ஆனால் பதினாறு ஆண்டுகள் அப்படிப்பட்ட கேள்விகளுக்கு மட்டுமே விடை எழுதிப் பழகிய ஒருவருக்கு, கேள்வியே சரியா என்று பார்க்கும் பழக்கம் வளர்வதில்லை. அலுவலகத்தில் உங்களிடம் வரும் வேலைகளில் பாதி, தவறான கேள்வியாகவோ அரைகுறைக் கேள்வியாகவோதான் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவியும் உங்களைப்போலப் பொருளியல்தான். தொழிற்சாலைக்குப் பொருளியல் மாணவி எதற்கு என்று எங்கள் பிரிவிலேயே சிலர் கேட்டார்கள். பம்புகளின் ஐந்தாண்டுப் பழுதுப் பதிவுகளை அவரிடம் கொடுத்து, எந்தப் பம்புக்கு அதிகம் செலவாகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். இரண்டே நாளில் விடையோடு வந்தார். விடை தவறு. ஏனென்றால் ஒரே பம்பு பதிவுகளில் 'பி-104' என்றும், 'பி104' என்றும், வெறும் '104' என்றும் மூன்று பெயர்களில் இருந்தது. கணினி அவற்றை மூன்று தனித்தனிப் பம்புகளாக எண்ணியிருந்தது. அவர் பதிவுகளைத் திருத்தத் தொடங்கியபோது இன்னொன்றையும் கவனித்தார். அந்த வெறும் '104' எல்லாமே இரவு ஷிப்டில் எழுதப்பட்டவை. ஏன் என்று என்னிடம் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. பிறகு அவரே ஓர் இரவு பாதுகாப்புக் காலணி மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போய்ப் பார்த்தார். படிவத்தில் பம்பின் எண்ணை எழுதும் கட்டம் மிகச் சிறியது. இரவு ஷிப்டில் ஆள் குறைவு என்பதால், கையுறையைக் கழற்றாமலே எழுதிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிறார்கள். அவர் செய்த பெரிய காரியம், அந்தக் கட்டத்தை இரண்டு மடங்கு அகலமாக்கச் சொன்னதுதான். அந்தப் படிவத்தைத்தான் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம்.

பாடத்துக்காகக் கொடுக்கப்படும் தரவுகளை யாரோ ஒருவர் கழுவித் துடைத்து வைத்திருப்பார். நிறுவனத்தின் தரவு அப்படி இருக்காது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் களைத்துப்போன ஒரு மனிதர் இருப்பார். அவரிடம் போய் மரியாதையாகக் கேட்கத் தெரிவதும் ஒரு திறமைதான். அது எந்தப் பாடத்தொகுதியிலும் இல்லை.

இனி, ஒத்துவராததைக் கண்டுபிடிப்பதைப் பற்றி. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி கணக்கியல் படித்தாள். எண்களில் அவளுக்கு நல்ல கை. கணக்காய்வுதான் தன் வழி என்று பதினேழு வயதிலேயே முடிவுசெய்திருந்தாள். பயிற்சிக்குப் போன இடத்தில், வாடிக்கையாளர் அலுவலகத்தின் சன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, விலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவேட்டோடு ஒப்பிடுவதில் அவளுடைய நாள்கள் கழிந்தன. அந்த வேலையில் எந்தக் குற்றமும் இல்லை. அதை விரும்பிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். தன் ஆர்வம் எண்களைச் சரிபார்ப்பதில் இல்லை, எண்களை வைத்து முடிவெடுப்பதில்தான் இருக்கிறது என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது. மீதமிருந்த விருப்பப்பாடங்களை மாற்றிக்கொண்டாள். இப்போது ஒரு நிறுவனத்தின் நிதித் திட்டமிடல் பிரிவில் இருக்கிறாள். அந்தப் பயிற்சி வீணாய்ப்போயிற்று என்று அவளுடைய அம்மா இன்றும் சொல்வார். என் கணக்கில் அந்தக் குடும்பத்துக்கு அதைப்போல் லாபம் தந்த முதலீடு வேறில்லை.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. ஒரு பயிற்சியைவைத்து ஒரு துறையையே எடைபோட்டுவிடக் கூடாது. கணக்காய்வையே எடுத்துக்கொள்ளுங்கள்: பல நிறுவனங்களின் நிதியாண்டு டிசம்பர் 31 அன்று முடிவதால், ஆண்டின் முதல் சில மாதங்களில்தான் அங்கே உயிர்போகும் நெருக்கடி. மே மாதத்தில் போகிற மாணவர் அந்தத் தொழிலின் சாந்தமான முகத்தை மட்டுமே பார்க்கிறார். ஆகவே எங்கே போனாலும், "உங்களுக்கு மிக மோசமான மாதம் எது, அப்போது எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள்?" என்று அங்கே இருக்கும் இளைய ஊழியர்களிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிடுங்கள். மேலாளரிடம் கேட்டால் உண்மையான பதில் வராது. நானும் மேலாளர்தான், அதனால் சொல்கிறேன்.

வேலைவாய்ப்புக்கு வருகிறேன். நிறுவனங்களின் பக்கமிருந்து பார்த்தால் ஆள் எடுப்பது பெரிய சூதாட்டம். முக்கால் மணி நேர நேர்காணலில் ஒருவர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பது தெரியும். தவறு நேர்ந்தால் மறைப்பாரா சொல்வாரா, புரியாதபோது கேட்பாரா சும்மா இருப்பாரா, மூன்றாவது முறையாகத் திருத்தச் சொன்னால் முகம் எப்படிப் போகும் என்பதெல்லாம் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவரைப் பற்றி இவை அனைத்தும் தெரியும். அதனால்தான் பெரிய வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும், பட்டம் பெற்றபின் எடுக்கப்போகும் ஆட்களில் கணிசமானவர்களை இறுதியாண்டுக்கு முந்தைய விடுமுறைப் பயிற்சியிலேயே பார்த்துவைத்துக்கொள்கின்றன. சட்ட நிறுவனங்களிலும் இதே வழக்கம் உண்டு. பட்டம் வாங்கியபின் விண்ணப்பிப்பவர், ஏற்கெனவே பாதி நாற்காலிகள் நிரம்பிவிட்ட மண்டபத்துக்குள் நுழைகிறார்.

உள்ளூர்த் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு, இறுதித் தேர்வு முடிந்து ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பின் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. 2023ஆம் ஆண்டு ஆய்வில், வேலைச் சந்தைக்கு வந்தவர்களில் 84.1 விழுக்காட்டினருக்கு முழுநேர நிரந்தர வேலை கிடைத்திருந்தது. 2024இல் அது 79.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஓராண்டில் அவர்களுடைய இடைநிலை மாதச் சம்பளம் 4,313 வெள்ளியிலிருந்து 4,500 வெள்ளியாக உயர்ந்தது. கிடைத்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், கிடைப்பவர்களின் பங்கோ குறைகிறது. நிறுவனங்கள் தாராளமாகச் செலவழிக்கத் தயார், ஆனால் தெரியாத ஆளை நம்பி எடுக்கத் தயங்குகின்றன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி செய்தவர்களுக்கு எளிதாக வேலை கிடைக்கிறது என்பதால், பயிற்சிதான் வேலை வாங்கித்தந்தது என்று ஆகிவிடாது. துறுதுறுப்பான மாணவர்கள்தான் பயிற்சியையும் தேடிப்போகிறார்கள், வேலையையும் தேடிப்பிடிக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதை உங்கள் புள்ளியியல் ஆசிரியரே முதல் பருவத்தில் சொல்லியிருப்பார். பயிற்சியை வேலைக்கான உத்தரவாதச் சீட்டாக யாராவது உங்களிடம் விற்றால் நம்பாதீர்கள்.

படிப்பையும் வேலையையும் இப்படிப் பின்னுவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906ஆம் ஆண்டிலேயே ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர், மாணவர்கள் வகுப்பறைக்கும் தொழிற்கூடத்துக்கும் மாறிமாறிப் போகும் முறையைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் பிறந்தபோதே அந்த முறையோடுதான் பிறந்தது. சிங்கப்பூரில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதைத் தன் வழியில் செய்கிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் வேலைப்பயிற்சி முடிக்காமல் பட்டம் வாங்க முடியாது. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் ஒருபடி மேலே போய், பல படிப்புகளில் எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை மாணவர்களை நிறுவனங்களில் வேலை செய்ய வைக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கல்லூரிகள் திட்டத்தில், சிலிக்கன் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் உள்ள புதிய சிறு நிறுவனங்களில் ஓராண்டு வரை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

மருத்துவம், சட்டம், ஆசிரியப் பணி போன்றவற்றில் பயிற்சி என்பது தொழிலுக்குள் நுழையும் வாசலாகவே அமைந்திருக்கிறது. தேசியக் கல்விக் கழகத்தில் படிப்பவர் வகுப்பறையில் பாடம் நடத்திப் பார்க்காமல் ஆசிரியராக முடியாது. வழக்கறிஞர்களுக்கான பயிற்சிக் காலம் 2024 முதல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக நீட்டப்பட்டிருக்கிறது. பொருளியல், வரலாறு, சமூகவியல் போன்ற படிப்புகளுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை; பத்துத் திசையில் போகலாம், எந்தத் திசையிலும் யாரும் கைபிடித்து அழைத்துப்போக மாட்டார்கள். உங்கள் படிப்பில் கட்டாயம் இல்லை என்பதனாலேயே உங்களுக்கு அதன் தேவை மற்றவர்களைவிட அதிகம். பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வந்த உங்கள் வகுப்புத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டயப் படிப்பின்போதே மாதக்கணக்கில் ஒரு நிறுவனத்தில் இருந்துவிட்டு வந்திருப்பார்கள். தொடக்கக் கல்லூரியிலிருந்து நேராக வந்தவர்கள் இந்த ஒன்றில் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

அப்பாவின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. மதிப்பெண் முக்கியம்தான். சில நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட சராசரிக்குக் கீழே உள்ள விண்ணப்பங்களைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மேற்படிப்புக்குப் போவதென்றால் அதுவே முதல் கேள்வி. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் தேர்வு முடிந்து ஆகஸ்டில் அடுத்த பருவம் தொடங்கும்வரை இருக்கும் இடைவெளியில் எந்தத் தேர்வும் இல்லை. அப்போது செய்யும் பயிற்சி மதிப்பெண்ணைத் தொடாது. மதிப்பெண்ணைக் கெடுப்பது வேறொரு பழக்கம்: ஐந்து பாடங்களை எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்கும் ஓடுவது. அண்மைக் காலத்தில் இது மாணவர்களிடையே ஒரு போட்டியாகவே மாறியிருக்கிறது. நான்கு, ஐந்து பயிற்சிகளைச் சுயவிவரத்தில் அடுக்கிக்கொண்டு வருகிறார்கள், அதற்காகப் பட்டம் வாங்குவதையே ஒரு பருவம் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. ஐந்து இடத்தில் ஐந்து முறை அறிமுகப் பயிற்சிக்கு உட்கார்ந்தவரைவிட, ஒரே இடத்தில் ஒன்றை முடித்துக்காட்டியவர்தான் நேர்காணலில் என் கண்ணுக்குத் தெரிகிறார். ஒன்று அவசியம், இரண்டு நல்லது, மூன்றாவதுக்குக் காரணம் கேட்பேன். பருவத்தின் நடுவே நீண்ட பயிற்சிக்குப் போவதென்றால், விட்டுப்போகும் பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒரு பாடத்துக்காக ஓராண்டு காத்திருக்க நேரும்.

பணக்கணக்கில் நீங்கள் சொல்வது சரி. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஒரு பல்கலைக்கழக மாணவி, அதிலும் தமிழும் கணிதமும் சேர்த்துச் சொல்லித்தருகிறவர், பல நிறுவனங்களின் பயிற்சிப்படியை எளிதாகத் தாண்டிவிடுவார். பயிற்சிப்படி இடத்துக்கு இடம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. சிறு நிறுவனங்களில் மாதம் ஆயிரம் வெள்ளியை ஒட்டியும், நிதி, தொழில்நுட்ப நிறுவனங்களில் அதைவிடப் பல மடங்காகவும் கிடைக்கும். வீட்டுக்கு உங்கள் வருமானம் தேவை என்றால், வாரநாளில் பயிற்சியும் சனி, ஞாயிறில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமே இல்லாத பயிற்சியைப் பொதுவாக மறுத்துவிடச் சொல்வேன். பணம் கொடுக்காத இடத்தில் உங்கள் நேரத்துக்கும் மதிப்பிருக்காது. பல்கலைக்கழகம் அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தின்கீழ் போகிறீர்களா, சொந்தமாகத் தேடிப்போகிறீர்களா என்பதைப் பொறுத்து மத்திய சேம நிதிப் பிடித்தம் மாறுபடும் என்பதையும் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள்.

நம் சமூகத்தில் அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் இருக்கிறது. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அலுவலகம் என்றால் என்ன, அங்கே எப்படிப் பேச வேண்டும், யாரைப் பெயர் சொல்லி அழைக்கலாம், மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது என்பதை எல்லாம் எனக்குச் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. சில வீடுகளில் இவை இரவுச் சாப்பாட்டோடு பரிமாறப்படுகின்றன. பெரியப்பா வங்கியில் இருப்பார், அத்தை அமைச்சில் இருப்பார், பிள்ளை பதினைந்து வயதிலேயே ஒரு வாரம் அவர்களுடைய அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வரும். அப்படிப்பட்ட சுற்றம் இல்லாதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புத் தளம்தான் அந்தப் பெரியப்பாவும் அத்தையும். என் மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு முழுதாக இரண்டு மாதம் பிடித்தது. 'சார்' என்று நான் கூப்பிடும்போதெல்லாம் அந்த மனிதர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். இந்தச் சங்கடங்களை எல்லாம் பயிற்சி மாணவனாக இருக்கும்போதே பட்டுத் தீர்த்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே படிக்கும் மாணவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் முழுநேரம் படிப்பவர்கள், மாணவர் அனுமதி அட்டையை வைத்துக்கொண்டே, தனி வேலை அனுமதி இல்லாமல் விடுமுறையில் வேலை செய்யலாம். பருவக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் என்ற வரம்பு உண்டு. பாடத்திட்டத்தின் பகுதியான பயிற்சிக்கு விதி வேறு. பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்விக் கட்டண மானியம் பெற்ற வெளிநாட்டு மாணவர்கள் பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் இங்கே வேலை செய்யக் கடமைப்பட்டவர்கள். அந்த மூன்று ஆண்டுகளை எங்கே கழிப்பது என்பதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட, ஒரு விடுமுறையில் எட்டிப் பார்த்துவிட்டு முடிவுசெய்வது மேல்.

மோசமான பயிற்சிகளும் நிறைய இருக்கின்றன. மேசை கொடுப்பார்கள், கணினி வர இரண்டு வாரமாகும், மேற்பார்வையாளர் நீண்ட விடுப்பில் இருப்பார், கடைசியில் ஒரு கூட்டத்துக்குக் குறிப்பெடுத்ததோடு எல்லாம் முடிந்துவிடும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். நேர்காணலின் முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "இதற்கு முன் இந்த இடத்தில் இருந்த பயிற்சி மாணவர் எதைச் செய்து முடித்தார்?" என்று கேளுங்கள். உடனே, பெயரோடும் விவரத்தோடும் பதில் வந்தால் போகலாம். "எல்லாவற்றிலும் உதவியாக இருந்தார்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

உள்ளே போனபின் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. தினமும் மாலையில் ஐந்து வரி எழுதிவையுங்கள்: என்ன செய்தேன், எதில் மாட்டிக்கொண்டேன், யாரிடம் கேட்டேன். ஆறு மாதம் கழித்து நேர்காணலில் "ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?" என்று கேட்கும்போது அந்த ஐந்து வரிகள்தான் கைகொடுக்கும். நிறுவனத்தின் கோப்புகளைச் சொந்தக் கணினிக்கு எடுத்துப்போகாதீர்கள். நல்ல மாணவர்கள்கூட, வீட்டில் உட்கார்ந்து வேலையை முடிக்கும் ஆர்வத்தில் இதைச் செய்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் நிறுவனத்தின் தரவைப் போடுவதும் இதில் சேரும். முதல் வரைவு எழுதுவது, அட்டவணை போடுவது போன்ற சில்லறை வேலைகளை இப்போது அந்தக் கருவிகளே செய்துவிடுவதால், பயிற்சி மாணவருக்கு இனி வேலை இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். சில்லறை வேலை குறைந்திருப்பது உண்மை. பம்பு ஏன் மூன்று பெயரில் இருக்கிறது என்று இரவு ஷிப்டில் இறங்கிப்போய்க் கேட்கும் வேலை எங்கள் தொழிற்சாலையில் இன்னும் அப்படியே இருக்கிறது.

காலக்கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய வங்கிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் மே மாதப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கிவிடுகின்றன. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அங்கே இடம் குறைவு, ஆனால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. அரசாங்க அமைப்புகளும் நடுத்தர நிறுவனங்களும் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஆள் தேடுகின்றன. ஏப்ரல் வந்தும் எதுவும் அமையவில்லை என்றால் கைவிட்டுவிடாதீர்கள். ஊபி, காக்கி புக்கிட், துவாஸ் போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு நிறுவனங்களில் பல, விளம்பரம் கொடுப்பதே இல்லை. ஆள் தேவை என்பது அவர்களுக்கே கடைசி நேரத்தில்தான் தெரியவரும். அப்படிப்பட்ட பத்து நிறுவனங்களுக்கு, அவர்கள் என்ன தயாரிக்கிறார்கள் என்று படித்துப் பார்த்து, உங்களால் எந்த ஒரு காரியத்தில் உதவ முடியும் என்பதை நான்கே வரியில் சொல்லித் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதுங்கள். எங்கள் படிவக் கட்டத்தை அகலமாக்கிய அந்தப் பொருளியல் மாணவி எனக்கு எழுதியதும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வந்த அப்படி ஒரு மின்னஞ்சல்தான்.